ஆளைக் கண்டால் ஊமை

உங்கள் வீடு ஒரகடத்தில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். வண்டலூர்-வாலாஜாபாத் சாலையை விட்டு உள்ளே திரும்பினால் ஒரு மூன்று மாடிக் குடியிருப்பு. பொழுது விடிவதற்குள் கம்பெனி பஸ் வந்து ஹாரன் அடிக்கும். வீட்டில் இருக்கும் இரண்டு பேருமே வேலைக்குப் போகிறவர்கள். பேச்சுத்துணைக்கு ஆள் இல்லை. அதனால் பால்கனியில் ஒரு கூண்டு, அதற்குள் ஒரு பறவை. பெயர் மிட்டு.

இந்த மிட்டு தனியாக இருந்தால் வாயை மூடமாட்டான். குக்கர் மாதிரி விசில் அடிப்பான். செல்போன் மாதிரி மணியடிப்பான். 'அம்மா, சாப்ட்டியா?' என்பான். நீங்கள் பாத்ரூமுக்குள் இருந்தபடி கேட்டு ரசித்திருக்கிறீர்கள். 'எங்க வீட்டு மிட்டு பேசுற பேச்சைக் கேக்கணுமே!' என்று ஆபீஸில் பெருமையடித்தும் இருக்கிறீர்கள்.

ஞாயிற்றுக்கிழமை. ஊரிலிருந்து சித்தப்பா குடும்பம் வந்து இறங்குகிறது. எல்லோரும் கூண்டைச் சுற்றி நிற்கிறார்கள். ஒரு பொடியன் கம்பிக்குள் விரலை விடுகிறான். 'மிட்டு... சாப்ட்டியா சொல்லு. சொல்லுடா கண்ணா. நேத்துகூடச் சொன்னியே!'

மிட்டு ஒரு மூலைக்குப் போய், இறகையெல்லாம் ஒடுக்கிக்கொண்டு, குச்சி மாதிரி ஒல்லியாக நிற்கிறான். பத்து நிமிஷம் ஆகிறது. 'பேசும்னு சொன்னீங்களே?' என்று சித்தி சிரிக்கிறார். உங்களுக்கு முகம் சிறுத்துப்போகிறது.

அவர்கள் படியிறங்கி, கேட்டைத் தாண்டியதும் பால்கனியிலிருந்து குரல் வருகிறது. 'அம்மா, சாப்ட்டியா?'

கோபம் வருமா, வராதா?

இந்தக் கோபத்தைப் பற்றித்தான் இந்த வாரம் பேசப்போகிறோம்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன விசாரணை. மிட்டு என்ன பறவை என்று நான் சொல்லவே இல்லை. பச்சை உடம்பு, சிவப்பு மூக்கு, கழுத்தில் ஆரம் என்று ஒரு கிளி உங்கள் மனதில் வந்து உட்கார்ந்திருந்தால் அதில் ஆச்சரியமில்லை. நமக்குக் கிளி என்றாலே அதுதான். மதுரை மீனாட்சியின் கையில் இருப்பது அது. ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாளுக்குத் தினமும் இலைகளால் புதிதாகச் செய்து சாத்துவது அது. மதுரைக் கோயிலில் கிளிக்கூட்டு மண்டபம் என்று ஒரு மண்டபமே உண்டு. அங்கே ஒரு காலத்தில் கூண்டில் கிளிகளை வைத்து, 'மீனாட்சி' என்று சொல்லப் பழக்கியிருந்தார்கள். கிளியைப் பேசவைக்கும் ஆசை நமக்கு நேற்று வந்ததல்ல.

ஆனால், அந்தப் பச்சைக்கிளியை இன்று வீட்டுக் கூண்டில் வளர்ப்பது குற்றம். 1972-ம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதைத் தடுக்கிறது. 'அட, ஊர்ல எல்லாரும் வெச்சிருக்காங்க சார்' என்பீர்கள். 2024 ஏப்ரலில், மக்களவைத் தேர்தல் நேரத்தில், கடலூர்ப் பக்கம் ஒரு ஜோசியரின் கிளி, ஒரு வேட்பாளர் ஜெயிப்பார் என்று சீட்டு எடுத்துக் கொடுத்தது. செய்தி ஊரெல்லாம் பரவியது. அடுத்ததாக வந்து நின்றவர்கள் வனத்துறையினர். கிளிகளைப் பறிமுதல் செய்துகொண்டு போய்விட்டார்கள். தனக்கு என்ன நடக்கும் என்று அந்தக் கிளிக்குச் சீட்டு எடுக்கத் தெரியவில்லை!

உங்களிடம் அப்படி ஒரு கிளி இருந்தால் வனத்துறைக்குச் சொல்லி ஒப்படைத்துவிடுங்கள். கூண்டிலேயே வளர்ந்த ஒன்றை ஜன்னலைத் திறந்து பறக்கவிடுவது புண்ணியம் ஆகாது. காக்கைக்கும் பூனைக்கும் விருந்து வைத்ததாகத்தான் முடியும்.

ஆகவே, நம் மிட்டு வெளிநாட்டுப் பறவை. கடைகளில் 'லவ் பேர்ட்ஸ்' என்று நாம் கேட்டு வாங்குகிற பட்ஜெரிகர் என்றே வைத்துக்கொள்வோம். பூர்வீகம் ஆஸ்திரேலியா. எடை முப்பது, நாற்பது கிராம்தான். ஆனால் வாய்? கலிஃபோர்னியாவில் பக் என்ற ஒரு பட்ஜெரிகர் 1,728 வார்த்தைகள் தெரிந்தது என்று கின்னஸ் புத்தகத்தில் ஏறியது. 1994-ல் அது செத்துப்போனது. ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி இன்னும் பெரிய பேச்சாளி. அதை வைத்திருப்பவர்கள், 2024-ல் வந்த விதிகளின்படி, மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவுசெய்ய வேண்டும்.

சரி, விஷயத்துக்கு வருவோம். மிட்டு ஏன் ஆளைக் கண்டால் ஊமையாகிறான்?

திமிர் இல்லை. மறதியும் இல்லை. உடம்பில் ஊறிய பழைய பாடம். கிளிகள் இன்னொன்றுக்கு இரையாகிற இனம். பருந்துக்கு, பாம்புக்கு, பூனைக்கு. வேட்டையாடுகிற பிராணி எப்படி நடந்துகொள்ளும்? நேருக்கு நேர் முறைத்துப் பார்க்கும். கண்ணை எடுக்காமல் கிட்டே வரும். தப்பிக்கிற வழியை மறிக்கும். சித்தப்பா குடும்பம் அன்றைக்குச் செய்தது அச்சு அசலாக அதேதான்! அன்பால்தான் செய்தார்கள். மிட்டுவுக்கு அது எப்படித் தெரியும்? ஆபத்து என்றால் அசையாதே, மூச்சு விடாதே என்பது அவன் பாட்டன் பூட்டனை உயிரோடு வைத்திருந்த தந்திரம். அதைத்தான் அவனும் செய்தான்.

அப்படியானால், யாரும் இல்லாதபோது மட்டும் ஏன் பேசுகிறான்?

கிளிகள் கூட்டமாக வாழ்கிறவை. அடர்ந்த இலைகளுக்கு நடுவே ஒன்றையொன்று பார்க்க முடியாது. அதனால் குரலால் தொட்டுக்கொள்ளும். 'நான் இங்கே இருக்கேன். நீ எங்கே?' வெனிசுவேலாவில் உள்ளங்கைக்குள் அடங்கிவிடுகிற ஒரு வகைக் குட்டிப் பச்சைக்கிளிகளைப் பற்றி 2011-ல் ஓர் ஆராய்ச்சி வெளியானது. அந்தக் கிளிகளில் ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓர் அழைப்பொலி உண்டு. கிட்டத்தட்டப் பெயர் மாதிரி. குஞ்சு அதைப் பிறந்த ரத்தத்திலிருந்து எடுத்துக்கொள்கிறதா, வளர்ப்பவரிடமிருந்தா? முட்டைகளைக் கூடு மாற்றி வைத்துப் பார்த்தார்கள். குஞ்சின் அழைப்பொலியில் வந்தது வளர்த்த பெற்றோரின் சாயல்!

கூண்டுக் கிளிக்குக் கூட்டம் எது? நீங்கள்தான். உங்கள் வீட்டில் அடிக்கடி கேட்கிற சத்தம்தான் அதற்குத் தாய்மொழி. நீங்கள் கதவைப் பூட்டிக்கொண்டு போனதும் மிட்டு 'அம்மா, சாப்ட்டியா?' என்றால், உங்கள் சாப்பாட்டைப் பற்றி விசாரிக்கிறான் என்று நினைத்துவிடாதீர்கள். 'எங்க போயிட்டே?' என்று கேட்கிறான் என்பதற்கே வாய்ப்பு அதிகம். நாம் கச்சேரி கேட்க டிக்கெட் எடுத்துக் காத்திருக்கிறோம். அவன் ஆளைத் தேடிக்கொண்டிருக்கிறான்.

'அதெல்லாம் சரி சார், நாலு பேர் முன்னால பேசவைக்க வழி உண்டா, இல்லையா?'

உண்டு. கொஞ்சம் பொறுமை வேண்டும், அவ்வளவுதான்.

முதலில் கூண்டு இருக்கிற இடம். நான்கு பக்கமும் திறந்த வெளியில் தொங்கவிடாதீர்கள். ஒரு பக்கமாவது சுவர் இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் யாரும் வரமாட்டார்கள் என்ற தைரியமே பாதி வெட்கத்தைப் போக்கிவிடும். உயரம் உங்கள் நெஞ்சு மட்டத்துக்குக் கொஞ்சம் மேலே. யாரும் நடமாடாத பின்கட்டு வேண்டாம். டி.வி-க்குப் பக்கத்திலும் வேண்டாம்.

அடுத்து, பாடம். காலையிலும் சாயங்காலமும் பறவைகள் தாமாகவே குரல் கொடுக்கிற நேரம். தினமும் பத்து நிமிஷம் போதும். ஒரு வார்த்தையை எடுத்துக்கொண்டு, சந்தோஷமான குரலில் சொல்லுங்கள். அந்த வார்த்தைக்கு ஒரு காரியம் இருக்கட்டும். தினை வைக்கும்போது 'தினை'. தண்ணீர் மாற்றும்போது 'தண்ணி'. குரலைப் பதிவுசெய்து நாள் முழுக்க ஓடவிட்டால் வேலை சுலபம் என்று தோன்றும். உயிருள்ள ஒருவர் எதிரே இருந்து சொல்லிக்கொடுப்பதற்கு அது ஈடாகாது. நாக்கில் வசம்பு, தேன் என்று எதையும் தேய்க்க வேண்டாம். பட்டினி போடவே வேண்டாம். பறவைக்குக் குரல் வருவது தொண்டையின் அடியில், மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிற இடத்தில். நாக்கு, வந்த சத்தத்துக்கு உருவம் கொடுக்க உதவுமே தவிர, தேய்த்துத் திறப்பதற்கு அது பூட்டு இல்லை.

கடைசியாக, விருந்தாளி. ஒரே ஒருவர் வரட்டும். கூண்டைப் பார்க்காமல், பக்கவாட்டில் உட்கார்ந்து உங்களோடு பேசிக்கொண்டிருக்கட்டும். மிட்டு இறகைக் கோத ஆரம்பித்தால், இரண்டு தினையைக் கொறித்தால், ஒரு 'கீச்' சொன்னால்... அன்றைய பாடம் முடிந்தது. அடுத்த வாரம் நாற்காலி ஓர் அடி கிட்டே வரலாம். அப்புறம் அவர் கையாலேயே ஒரு தினைக் கதிரை நீட்டலாம். மிட்டு மறுபடி ஒல்லியானால் நாற்காலியைப் பின்னால் நகர்த்துங்கள். வாரங்கள் ஆகும், மாதங்களும் ஆகலாம். சில பறவைகள் கடைசிவரை பேசாது. பட்ஜெரிகரில் பெண் பறவைகள் பேசுவது அபூர்வம். மிட்டு உண்மையில் 'மிட்டி'யாக இருந்தால் அந்த அளவு பேசியதே உங்கள் அதிர்ஷ்டம்!

இவ்வளவு செய்தபிறகும் அது பேசவில்லை என்றால்? இனி வாழ்நாள் முழுக்க ஒரு வார்த்தையும் பேசாது என்று தெரிந்துவிட்டால், நாளைக் காலையில் அதே அக்கறையோடு தண்ணீர் மாற்றுவீர்களா?

பதில் 'ஆமாம்' என்றால் நீங்கள் பறவை வளர்க்கிறீர்கள். கொஞ்சம் யோசிக்க வேண்டியிருந்தால், நீங்கள் வாங்கியது பறவையை அல்ல, விருந்தாளிகள் முன்னால் கிடைக்கப்போகிற கைதட்டலை.

பேசு என்று ஆசைப்படுவது தவறா? இல்லவே இல்லை. அமெரிக்காவில் ஐரீன் பெப்பர்பெர்க் என்ற விஞ்ஞானி 1977-ல் சிகாகோவில் ஒரு கடையிலிருந்து ஒரு சாம்பல் கிளியை வாங்கினார். அலெக்ஸ் என்று பெயர். அலெக்ஸின் கண்ணெதிரே இரண்டு மனிதர்கள் உட்கார்ந்து, ஒருவர் பொருளைக் காட்டிக் கேட்க, இன்னொருவர் சரியாகப் பெயர் சொன்னால் பொருள் அவர் கைக்குப் போகும். பார்த்துக்கொண்டிருந்த அலெக்ஸுக்கும் ஆசை வந்தது. அப்படியே நூறு வார்த்தைகளுக்கு மேல் கற்றுக்கொண்டது. நிறம், வடிவம், எண்ணிக்கை எல்லாம் சொல்லும். 2007-ல் அது இறந்தபோது உலகப் பத்திரிகைகள் இரங்கல் எழுதின.

அலெக்ஸ் கற்றுக்கொண்டவற்றில் எனக்குப் பிடித்தது வேறு ஒன்று. பாடம் அலுத்துவிட்டால் 'நான் கூண்டுக்குத் திரும்பிப் போகணும்' என்று சொல்ல அதற்குத் தெரியும். 'இப்போ வேண்டாம்' என்று சொல்லவும் ஒரு வார்த்தை கொடுத்தார்கள் பாருங்கள், அங்கேதான் வேடிக்கை காட்டுவது முடிந்து பேச்சு என்பது ஆரம்பிக்கிறது.

இதற்கு நேர் எதிரான ஒரு கதையும் உண்டு. 2020-ல் இங்கிலாந்தின் லிங்கன்ஷயர் வனவிலங்குப் பூங்காவுக்கு ஐந்து சாம்பல் கிளிகள் வந்து சேர்ந்தன. ஐந்தும் சரளமாகக் கெட்ட வார்த்தை பேசின. ஒன்று திட்டினால் இன்னொன்று சிரித்தது. பார்க்க வந்த ஜனங்களும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்கச் சிரிக்கக் கிளிகளுக்கு உற்சாகம் ஏறியது. கடைசியில், குழந்தைகள் வருகிற இடமாயிற்றே என்று, ஐந்தையும் பார்வையாளர்கள் கண்ணில் படாத இடத்துக்கு மாற்றவேண்டியதாகிவிட்டது. திட்டியதற்காக மாற்றப்பட்டவை கிளிகள். உற்சாகப்படுத்திய ஜனங்கள் சௌக்கியமாக வீட்டுக்குப் போனார்கள்.

எதற்கு நாம் முகம் மலர்கிறோமோ அது பேசும். எதற்கு நாம் முறைக்கிறோமோ அது அடங்கும். பேச்சு பாதி வாயில் இருந்தால், மீதி கேட்பவரின் முகத்தில் இருக்கிறது.

இப்போது கூண்டை விட்டு வெளியே வருவோம். அதே ஒரகடம், அதே சாலை.

1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் கார் ஆலைக்கு அஸ்திவாரம் போட்டதிலிருந்து இந்த வட்டாரம் தலைகீழாக மாறிவிட்டது. ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம், வல்லம், ஒரகடம் என்று கார், லாரி, பைக், செல்போன் எல்லாம் இங்கே பிறக்கின்றன. எத்தனையோ மாவட்டங்களிலிருந்து வந்த பெண்கள் விடுதிகளில் தங்கி வேலைக்குப் போகிறார்கள். விடுதி மொட்டைமாடியில் செல்போனில் அம்மாவிடம் பேசும்போது அந்தப் பெண்ணின் குரலைக் கேட்கவேண்டுமே... சாம்பாரில் உப்பில்லாததிலிருந்து ஷிஃப்ட் மாறியதுவரை கொட்டித் தீர்ப்பாள். மறுநாள் ஒரு அதிகாரி எதிரே வந்து நின்று, 'ஏதாச்சும் பிரச்னை இருக்காம்மா?' என்று கேட்டால்?

'ஒண்ணும் இல்ல சார்.'

தொழிலாளியைக் கிளியோடு ஒப்பிடுகிறேன் என்று கோபப்படாதீர்கள். நான் ஒப்பிடுவது எதிரே நிற்பவர்களை. கிளி மௌனமாக இருந்தால் நமக்கு அவமானமாக இருக்கிறது. மனிதர் மௌனமாக இருந்தால் சௌகரியமாக இருக்கிறது. 'நல்ல பொண்ணு, வாயே திறக்காது' என்று பாராட்டுப் பத்திரம் வேறு கொடுக்கிறோம்!

2021 டிசம்பரில் நடந்தது நினைவிருக்கும். ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலைபார்த்த பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சிலர் செத்துவிட்டார்கள் என்று வதந்தி கிளம்பியது. வாயே திறக்காதவர்கள் என்று பெயரெடுத்த பெண்கள் டிசம்பர் 17 இரவு சென்னை-பெங்களூரு நெடுஞ்சாலையில் வந்து உட்கார்ந்தார்கள். மறுநாளும் எழுந்திருக்கவில்லை. சாவு என்பது பொய்ச்செய்தி. ஆனால் விடுதிகளின் குறை பொய்யில்லை. சில விடுதிகளும் சாப்பாட்டு அறைகளும் தன்னுடைய தரத்துக்கு இல்லை என்று ஆப்பிள் நிறுவனமே பிறகு ஒப்புக்கொண்டது. ஆலை சில வாரங்கள் மூடிக்கிடந்து ஜனவரியில் திறந்தது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் 18,720 பேர் தங்கக்கூடிய பெரிய விடுதியே திறக்கப்பட்டது.

வதந்தி ஏன் அத்தனை வேகமாகப் பரவியது? 'என் ஃபிரெண்டு எந்த ஆஸ்பத்திரியில இருக்கா?' என்று கேட்டால் உண்மையான பதில் வரும் என்ற நம்பிக்கை இருந்திருந்தால், அந்த ராத்திரியில் வதந்திக்கு அவ்வளவு வேலை இருந்திருக்குமா? சின்னக் குரலில் கேட்க வழி இல்லாதபோது பேச்சு நின்றுவிடுவதில்லை. உருமாறி, பெருத்து, நெடுஞ்சாலைக்கு வருகிறது.

2024 செப்டம்பரிலும் அக்டோபரிலும் ஸ்ரீபெரும்புதூர் சாம்சங் ஆலைத் தொழிலாளர்கள் ஒரு மாதத்துக்கும் மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். சம்பளமும் கேட்டார்கள்தான். ஆனால் கோரிக்கைகளில் பெரியது தங்கள் சங்கத்துக்கு அங்கீகாரம். அதாவது, எங்களுக்காகப் பேச ஒருவர், அதைக் கேட்க எதிரே ஒரு நாற்காலி. யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பதில் உங்களுக்கு ஒரு கருத்து இருக்கலாம். ஒரு நாற்காலிக்காக இத்தனை நாள் ஆகிறதே என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

வள்ளுவர் சபையில் பேசும் பயத்தைப் பற்றித் தனி அதிகாரமே எழுதியிருக்கிறார். 73-வது அதிகாரம், அவையஞ்சாமை. கூச்ச சுபாவம் உள்ள பிள்ளைகளுக்கு நாம் உடனே எடுத்து நீட்டுவது அதைத்தான். 'பயப்படாதே, பேசு!' அதற்கு முன்னால் என்ன இருக்கிறது என்று புரட்டிப் பாருங்கள். 72, அவையறிதல். கேட்கிறவர்கள் யார், எப்படிப்பட்டவர்கள் என்று தெரிந்துகொள்வது. அதற்கும் முன்னால் 71, குறிப்பறிதல். ஒருவர் வாய் திறக்காமலேயே அவர் மனதைப் புரிந்துகொள்வது. 73-ஐ அடுத்தவருக்கு உபதேசம் செய்கிற நாம், நம் பங்குக்கு 71-ஐப் படித்துவிட்டோமா?

இதை வாசிக்கும் உங்களில் சிலர் நாற்காலியின் அந்தப் பக்கம் இருப்பீர்கள். மீட்டிங்கில் சொல்ல வேண்டியதை வீட்டுக்குப் போகிற பஸ்ஸில் மனதுக்குள் சொல்லிக்கொள்கிறவர்கள். உங்களுக்கு உங்கள் ஊர்க்காரர் ஒருவரை நினைவுபடுத்துகிறேன். 1017-ல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜர். திருக்கோஷ்டியூர் நம்பியிடம் பதினெட்டு முறை நடந்து மந்திர உபதேசம் பெற்றார், யாரிடமும் சொல்லக் கூடாது என்பது உத்தரவு, அவரோ கோயிலின் மேலே ஏறி ஊருக்கே சொல்லிவிட்டார் என்று வைணவ மரபில் ஒரு வரலாறு உண்டு. சொன்னால் உனக்கு நரகம் என்றபோது, இத்தனை பேருக்கு நல்லது நடந்தால் எனக்கு அது சம்மதம் என்றாராம். அவருக்கு மேடைப் பயிற்சி யாரும் கொடுக்கவில்லை. கீழே நின்றவர்களுக்கு அது தேவை என்று தெரிந்திருந்தது. பேச்சு உங்களைப் பற்றியதாக இருக்கிறவரை நாக்கு ஒட்டிக்கொள்ளும். பக்கத்து மேஜைக்காரியின் வலியைச் சொல்லப்போகிறோம் என்று எழுந்து பாருங்கள், நாக்கு கொஞ்சம் பிரிந்துகொடுக்கும்.

நாற்காலியின் இந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த வாரம் ஒரு வேலை. உங்கள் வீட்டிலோ, ஆபீஸிலோ, லைனிலோ 'ஒண்ணும் இல்ல' என்று மட்டுமே சொல்கிற ஒருவர் இருப்பார். மாமியாராக இருக்கலாம், ஒன்பதாம் வகுப்பு படிக்கிற மகனாக இருக்கலாம், புதிதாகச் சேர்ந்த டிரெய்னியாக இருக்கலாம். அவர் எதிரே போய் நிற்காதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். பிரச்னை என்ன என்று கேட்காமல் சின்னதாக ஏதாவது கேளுங்கள். பதிலுக்குக் காத்திருங்கள். முதல் நாள் 'ம்' என்று மட்டும் வரும். அதைச் சிரித்துக் கேலி செய்யாதீர்கள், நாலு பேரிடம் போய்ச் சொல்லாதீர்கள்.

அப்புறம் ஒருநாள் அவர் பேச ஆரம்பிப்பார். முதலில் வருவது உங்களுக்குப் பிடித்ததாக இருக்காது. சாம்பாரில் உப்பு இல்லை என்பதாக இருக்கலாம். உங்களைப் பற்றிய புகாராகவே இருக்கலாம். அந்த நேரத்தில் உங்கள் முகம் எப்படிப் போகிறது என்பதை அவர் பார்த்துக்கொண்டிருப்பார்.